மாலரின் இரண்டாம் சிம்பொனிக்குப் போகுமுன்: வாசகர் கேள்விகள்

லண்டனில் கோடைதோறும் நடக்கும் ப்ராம்ஸ் இசை விழாவின் பட்டியலில் ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் இரண்டாம் சிம்பொனி இடம்பெற்றால் போதும், டிக்கெட்டிலிருந்து தாளம் வரை கேள்விகள் வந்து குவியும். அவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கர்நாடக இசை கேட்டே வளர்ந்தவன் நான். ஒன்றரை மணி நேரம் ஒரே சிம்பொனி என்கிறார்கள். எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?
— ஈஸ்ட் ஹாம் வாசகர்

முழுவதையும் மனத்தில் ஏற்றிக்கொண்டு போக நினைக்காதீர்கள். எந்த இடத்தில் எது வரும் என்று நாலைந்து அடையாளங்கள் தெரிந்தால் போதும். மிச்சத்தை இசையே பார்த்துக்கொள்ளும்.

மொத்தம் ஐந்து பகுதிகள். முதலாவது ஏறத்தாழ 20 முதல் 23 நிமிடம். இரண்டாவதும் மூன்றாவதும் பத்துப் பத்து நிமிடம். நான்காவது ஐந்தே நிமிடம், அதில் ஆல்ட்டோ (தாழ்குரல்) பாடகி பாடுவார். ஐந்தாவது மட்டுமே அரை மணி நேரத்தைத் தாண்டும்.

தொடக்கம் C மைனர். இது நமக்கு நடபைரவி ராகத்தின் ஸ்வரங்கள்; இடையிடையே காகலி நிஷாதம் எட்டிப்பார்த்துக் கீரவாணிச் சாயல் தரும். சிம்பொனி முடிவது E ஃபிளாட் மேஜரில். C-ஐ ஸட்ஜமாக வைத்தால் E ஃபிளாட் சாதாரண காந்தாரம். நடபைரவியின் காந்தாரத்தில் கிரகபேதம் செய்தால், அதாவது அந்தக் காந்தாரத்தையே ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், சங்கராபரணம் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே? சிம்பொனி தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் உள்ள உறவு அதுதான். நடுவில் மாலர் எத்தனையோ ஸ்வரத்தானங்களுக்குப் போய் வருவார், ஒரே நேர்கோட்டில் போகமாட்டார். ஆனாலும் கர்நாடக இசைக் காது உள்ளவருக்கு, கடைசியில் வந்து சேரும் இடம் முன்பின் அறியாத ஊராக இருக்காது.

முதல் அடையாளம், முதல் நொடியே. வயலின்களும் வயோலாக்களும் G ஸ்வரத்தில், அதாவது பஞ்சமத்தில், உரத்து நடுங்கும். அதன் கீழே செல்லோக்களும் டபுள் பேஸ்களும் மூர்க்கமாகப் பாயும். ஸட்ஜத்தை ஊன்றாமல் பஞ்சமத்தைப் பிடித்து நிறுத்துவதால்தான் அந்தத் தவிப்பு. இரண்டாவது அடையாளம், மூன்றாம் பகுதியின் முடிவுக்குச் சற்று முன் முழு வாத்தியக்குழுவும் அலறும் ஓர் இடம். அதே அலறல்தான் ஐந்தாம் பகுதியின் வாசலிலும் வெடிக்கும். நான்காம் பகுதியின் மென்மையான பாட்டில் மனம் ஒன்றியிருக்கும் வேளையில் அது வருவதால், முதன்முறை கேட்பவர்கள் நாற்காலியில் துள்ளுவது வழக்கம். மூன்றாவது அடையாளம், ஐந்தாம் பகுதியின் நடுவில் தாளவாத்தியங்கள் மட்டும் ஒலியே இல்லாத நிலையிலிருந்து காது அடைக்கும் வரை எழும் இரண்டு அலைகள். நான்காவது, பாடகர் குழு வாய் திறக்கும் இடம். அதைப் பற்றித் தனியாகவே ஒருவர் கேட்டிருக்கிறார்.

கச்சேரி தொடங்குமுன் ஓபோ ஊதும் ஸ்வரம்தான் அன்றைய ஆதார ஸ்ருதியா?
— நியூ மால்டன் வாசகி

இல்லை. ஓபோ என்ற ஊதுவாத்தியம் தருவது A ஸ்வரம். பிரிட்டனில் பெரும்பாலும் நொடிக்கு 440 அதிர்வு. எல்லா வாத்தியங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதற்கான பொது அளவுகோல் அது. கச்சேரி முழுக்கப் பின்னணியில் நிற்கும் ஸட்ஜம் அன்று. இந்த சிம்பொனியின் முதல் பகுதி C-ஐ ஸட்ஜமாகக் கொண்டது. அந்தக் கணக்கில் ஓபோ தரும் A சதுஸ்ருதி தைவதம், நடபைரவிக்கோ சுத்த தைவதம்தான் உரியது. ஆகவே அந்த A-ஐக் காதில் ஸட்ஜமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் குழப்பமே மிஞ்சும். வாத்தியங்கள் ஓய்ந்ததும் அதை விட்டுவிடுங்கள்.

ப்ராம்ஸ் நடக்கும் ராயல் ஆல்பர்ட் ஹாலில் எந்த இடத்தில் உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கும்? மைக் இருக்குமா?
— ஹாரோ வாசகர்

மேலே தொங்கும் மைக்குகள் பி.பி.சி. ரேடியோ 3 ஒலிபரப்புக்கானவை. ஒவ்வொரு ப்ராம்ஸ் நிகழ்ச்சியும் அதில் நேரலையாகப் போகும். அரங்கில் நீங்கள் கேட்கப்போவது வாத்தியத்திலிருந்து நேராக வரும் ஒலி. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொள்ளும் அரங்கு அது என்பதால், சபாக்களில் ஒலிபெருக்கிக்குப் பழகிய காதுக்கு முதல் ஐந்து நிமிடம் 'ஒலி குறைவாக இருக்கிறதே' என்று தோன்றும். காது தானே சரிசெய்துகொள்ளும், பொறுங்கள்.

1871-இல் திறந்த நாளிலிருந்தே இந்த அரங்கின் குறை எதிரொலிதான். நீள்வட்டச் சுவர், மேலே கவிகைக் கூரை. கூரையில் பட்டுத் திரும்பும் ஒலி காலம் தாழ்ந்து வந்ததால் ஒரே ஸ்வரம் இரண்டு முறை கேட்டது. 1969-இல் கூரையிலிருந்து கண்ணாடியிழைத் தட்டுகளைத் தொங்கவிட்டார்கள். அண்ணாந்து பார்த்தால் தெரியும். 'காளான்கள்' என்றே அவற்றுக்குப் பெயர். அவை ஒலியைப் பல திசைகளில் சிதறடித்து எதிரொலியைப் பெரிதும் அடக்கிவிட்டன.

இந்த சிம்பொனிக்கு எங்கள் முதல் தேர்வு, அரங்கின் நடுவிலுள்ள தரைப்பகுதியான அரீனாவில் மேடையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம் பின்னால். முன்வரிசைக் கம்பியை ஒட்டி நின்றால் வயலின் வில் உரசுவதுகூடக் கேட்கும், ஆனால் பின்னால் இருக்கும் ஊதுவாத்தியங்களோடு சமநிலை கிடைக்காது. அரீனாவில் எல்லோரும் நிற்பார்கள். உட்கார வேண்டுமென்றால் மேடைக்கு எதிர்ப்புறமுள்ள ஸ்டால்ஸ் இருக்கைகள் நல்லது. பக்கவாட்டு இருக்கைகளில் விலை குறையும், ஆனால் ட்ரம்பெட்டின் வாய் உங்களை நோக்கியிருந்தால் மற்றதெல்லாம் அமுங்கிப்போகும். ஹார்னுக்கோ வாய் பின்பக்கம். அதன் ஒலி சுவரில் பட்டுத்தான் உங்களிடம் வரும். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் காலரியிலும் நின்று கேட்கலாம். ஒலி மெல்லியதாக வரும், ஆனால் நன்றாகக் கலந்து வரும். ஆர்கனும் பாடகர் குழுவும் ஒன்றுசேரும் கடைசி நிமிடங்களுக்கு அது அருமையான இடம். அந்த ஆர்கனுக்கு 9,999 குழாய்கள். முழுமூச்சில் அது ஒலிக்கும்போது தரையின் அதிர்வு காலில் தெரியும்.

மேடைக்கு வெளியே இருந்து வாசிப்பார்கள் என்கிறார்களே, அது எதற்கு? தப்பாகிவிடாதா?
— லெஸ்டர் வாசகி

ஆகும். ஐந்தாம் பகுதியின் மிகக் கடினமான வேலையே அதுதான். இந்த சிம்பொனிக்குப் பத்து ஹார்ன்கள், பத்து ட்ரம்பெட்டுகள் வரை வேண்டும். அவற்றில் நான்கு ஹார்னும் நான்கு ட்ரம்பெட்டும் டிம்பனி உள்ளிட்ட சில தாளவாத்தியங்களும் ஐந்தாம் பகுதியில் அரங்குக்கு வெளியே நின்று வாசிக்கும்.

முதல் சிக்கல் நேரம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் போகும். 35 மீட்டர் தள்ளி நிற்பவர், வாத்தியக்குழுவை இயக்கும் நடத்துநரின் கையைப் பார்த்துச் சரியாக வாசித்தாலும் உங்கள் காதுக்குப் பத்தில் ஒரு நொடி தாமதமாகவே வந்து சேரும். அதனால் வெளியே ஒரு துணை நடத்துநர் நின்று, திரையில் முதன்மை நடத்துநரைப் பார்த்தபடி, ஒரு மயிரிழை முன்னதாக வாசிக்கவைப்பார். இரண்டாவது சிக்கல் ஸ்ருதி. நடைபாதை அரங்கைவிடக் குளிர்ந்திருந்தால் பித்தளை வாத்தியங்களின் ஸ்ருதி இறங்கும். வாசிக்கும் இடத்திலேயே வெகுநேரம் ஊதிச் சூடாக்கி ஸ்ருதி சேர்த்துக்கொள்ளாவிட்டால், மேடையில் உள்ளவர்களோடு சேரும்போது பிசிறு தட்டும். மூன்றாவது சிக்கல் கதவு. எவ்வளவு திறந்து வைப்பது என்பதை ஒத்திகையில் கேட்டுப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். பார்வையாளர்கள் நிறைந்ததும் அந்தக் கணக்கு கொஞ்சம் மாறிவிடும்.

எதற்கு இவ்வளவு பாடு என்றால், பாடகர் குழு பாடத் தொடங்குவதற்குச் சற்று முன்னுள்ள ஒரு பக்கத்துக்காக. தூரத்திலிருந்து ஹார்ன்களும் ட்ரம்பெட்டுகளும் வெவ்வேறு திசைகளிலிருந்து கூப்பிடும். மேடையில் புல்லாங்குழலும் பிக்கலோவும் மட்டும் பறவைபோலப் பதில் சொல்லும். தாளம் ஏறக்குறைய நின்றுவிட்ட நிலை அது. தூரத்தை எந்த ஒலிப்பதிவாலும் இப்படிக் காட்ட முடியாது. நேரில் போய்க் கேட்பதற்கு இந்த ஒரு பக்கமே போதுமான காரணம்.

வெளியே நின்ற ஹார்ன்காரர்கள் பிற்பாடு மெல்ல மேடைக்கு வந்து சேர்ந்துகொள்வார்கள். 'பாதியில் யாரோ உள்ளே வருகிறார்களே' என்று முகம் சுளிக்க வேண்டாம்.

பாடகர் குழு ஒரு மணி நேரத்துக்கும் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. பாடத் தொடங்கும்போதும் எழுந்திருக்கவில்லையே, ஏன்?
— குரோய்டன் வாசகர்

மாலர் அவர்களுக்கு எழுதியிருக்கும் முதல் குறிப்பு ppp, அதாவது முடிந்த அளவுக்கு மெல்ல. இருநூறு பேர் ஒன்றாக எழுந்தால் உடை சலசலக்கும், நாற்காலி முனகும், அதற்கு முன் கட்டியெழுப்பிய அமைதி அத்தனையும் போய்விடும். ஆகவே பல நடத்துநர்கள் உட்கார்ந்தே தொடங்கச் சொல்லி, ஒலி பெருகும் இடத்தில் எழுப்புவார்கள்.

தொடங்குவது G ஃபிளாட் மேஜரில், வாத்தியத் துணை இல்லாமல். உட்கார்ந்தபடி, இவ்வளவு மெல்ல, துணையின்றிப் பாடும்போது குரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்ருதி இறங்கும் அபாயம் உண்டு. இறங்கியிருந்தால் வாத்தியங்கள் மறுபடி சேரும் கணத்தில் அது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். நல்ல குழு என்பதற்கு அந்தக் கணமே சோதனை. கூட்டுக்குரலுக்குள்ளிருந்து சொப்ரானோவின் (உச்சக்குரல் பாடகியின்) குரல் பிரிந்து மேலேறும் இடத்தையும் கவனியுங்கள். எப்போது பிரிந்தது என்றே தெரியக்கூடாது. தெரியாமல் பிரித்தால் பாடியவர் கெட்டிக்காரர்.

அந்தப் பாடலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1894-இல் ஹாம்பர்க்கில் நடத்துநர் ஹான்ஸ் ஃபொன் பியூலோவின் இறுதிச் சடங்கில் ஜெர்மன் கவிஞர் க்ளோப்ஷ்டாக்கின் 'உயிர்த்தெழுவாய்' என்ற பாடலைக் கேட்ட பிறகுதான், முடிக்க வழி தெரியாமல் நின்றிருந்த சிம்பொனிக்கு மாலர் முடிவு கண்டார். முதல் அடிகள் க்ளோப்ஷ்டாக்குடையவை, மற்றதை மாலரே எழுதினார். முழு சிம்பொனியும் 1895 டிசம்பர் 13 அன்று பெர்லினில் அவர் நடத்த அரங்கேறியது. பாடல் வரிகளின் மொழிபெயர்ப்பை முதல் நாளே படித்துவிடுங்கள். அரங்கில் புத்தகத்தைப் புரட்டும் ஓசை அந்த ppp-ஐ விட உரக்கக் கேட்கும்.

எங்கே கைதட்டுவது? தொடையில் தாளம் போடலாமா?
— வெம்பிளி வாசகர்

ஒவ்வொரு பகுதிக்கும் நடுவில் கைதட்டும் வழக்கம் பொதுவாக இல்லை. ப்ராம்ஸில் சிலர் தட்டுவார்கள்; யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் இந்த சிம்பொனியில் மூன்று, நான்கு, ஐந்தாம் பகுதிகள் இடைவெளி விடாமல் தொடர்பவை. அங்கே தட்டினால் இசையின் மேலேயே தட்டியதாகிவிடும். முதல் பகுதி முடிந்ததும் குறைந்தது ஐந்து நிமிடம் நிறுத்தும்படி மாலர் எழுதியிருக்கிறார். பெரும்பாலோர் அவ்வளவு நேரம் நிறுத்துவதில்லை, ஆனால் ஏதோ ஓர் இடைவெளி இருக்கும். இருமல், தொண்டை செருமல் எல்லாவற்றையும் அங்கே தீர்த்துக்கொள்ளுங்கள். இருமல் மிட்டாய் என்றால் தாளை முன்பே பிரித்து வைத்திருங்கள். மெல்லப் பிரிக்கிறேன் என்று பிரித்தால் அந்தச் சரசரப்பு இன்னும் நீளும். தாமதமாக வந்தால் அந்த இடைவெளி வரை வெளியே நிற்க நேரலாம்.

தாளம் வேண்டாம். பக்கத்தில் இருப்பவரின் கவனம் சிதறும் என்பது ஒன்று. இன்னொன்று, உங்கள் தாளமே பொய்த்துப்போகும். இங்கே காலப்பிரமாணம் சீராக ஓடாது. நடத்துநர் ஒரு வரிக்குள்ளேயே இழுப்பார், விடுவார். அவர் கையைப் பார்த்துத் தட்டினாலும் ஒத்துவராது, ஏனென்றால் கை ஒலிக்குச் சற்று முன்னதாகவே போகும்.

எட்டு வயது மகளை அழைத்து வரலாமா?
— ஈலிங் வாசகி

இதுவே முதல் கச்சேரி என்றால் வேண்டாம். இடைவேளை இல்லாமல் இவ்வளவு நேரம் அசையாமல் இருப்பது பெரியவர்களுக்கே சிரமம். இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் எழுதிய 'யங் பர்சன்ஸ் கைடு' 17 நிமிடம்தான். ஒவ்வொரு வாத்தியமாக அறிமுகப்படுத்தும். ட்வோர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்பொனி 40 நிமிடம். அவற்றில் தொடங்குங்கள்.

போகுமுன் எந்தப் பதிவைக் கேட்கலாம்?
— பர்மிங்காம் வாசகர்

ஓட்டோ க்ளெம்பரர் ஃபில்ஹார்மோனியா குழுவோடு 1960-களின் தொடக்கத்தில் பதிவுசெய்தது 80 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உணர்ச்சியைக் கொட்டாமல் கட்டமைப்பைத் தெளிவாகக் காட்டும். அவர் இளைஞராக இருந்தபோது, 1905-இல் பெர்லினில், மாலர் முன்னிலையில் இதே சிம்பொனியின் மேடைக்கு வெளியேயுள்ள குழுவை நடத்தியவர். லெனர்ட் பெர்ன்ஸ்டைன் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு 1987-இல் செய்த பதிவு 90 நிமிடத்தைத் தாண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நிதானித்துப் போகும். முதல் பகுதியை மட்டும் இரண்டிலும் கேளுங்கள், நடத்துநர் என்ன செய்கிறார் என்பது உடனே விளங்கிவிடும். காரில் கேட்காதீர்கள். மெல்லிய இடங்கள் சாலை இரைச்சலில் மறையும், அதற்காக ஒலியைக் கூட்டினால் அடுத்த வெடிப்பு காதைக் கிழிக்கும். கச்சேரிக்கு முந்தைய இரண்டு நாள் எதையும் கேட்காமல் இருப்பது நல்லது.

நின்று கேட்கும் டிக்கெட்டுக்கு என்ன ஏற்பாடு வேண்டும்?
— சவுத்தால் வாசகர்

சமீப ஆண்டுகளில் விலை 8 பவுண்டு. கச்சேரி அன்றே விற்பனைக்கு வரும். மாலர் என்றால் சீக்கிரம் தீரும், விற்பனை தொடங்கும் நேரத்தில் தயாராக இருங்கள். தட்டையான, மெத்தென்ற காலணி போடுங்கள். முழங்காலை விறைப்பாக வைத்து நின்றால் கோடை வெக்கையில் தலைசுற்றும். எடையைக் கால் மாற்றி மாற்றி வையுங்கள், முன்னதாகவே தண்ணீர் குடித்துவிடுங்கள். கடும் பசியோடு போகவேண்டாம். முதுகுவலி உள்ளவர்கள் காலரியில் சுவரோரமாக இடம் பிடித்தால் சாய்ந்துகொள்ளலாம். சவுத் கென்சிங்டன் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. முடிந்ததும் அங்கே கூட்டம் நெருக்கும், அரங்கின் எதிரிலேயே 9, 52, 452 எண் பேருந்துகள் நிற்கும்.