அது கிரான்பெரி இல்லை, வைபர்னமாக இருக்கலாம்

ஆளுயரப் புதர், மேப்பிள் போல மூன்று மடல் இலை, கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம்; "இது கிரான்பெரிதானே, ஜாம் போடலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அசல் கிரான்பெரி ஈர நிலத்தில் தரையோடு படர்வது. அதன் இலை மிகச் சிறியது, மடல் கிடையாது.

ஒரு பழத்தை விரலால் நசுக்குங்கள். தட்டையான ஒற்றைக் கொட்டை வந்தால் வைபர்னம் (கிரான்பெரி போலச் சிவப்புப் பழம் தரும் வேறொரு புதர்) என்றே சொல்வேன். கிரான்பெரியில் பொடி விதைகள் பல இருக்கும். இலைகள் கணுவுக்குக் கணு எதிரெதிரே இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மாறி மாறி இருந்தால் அது ரெட் கரன்ட் என்ற இன்னொரு சிவப்புப் பழப் புதராகவும் இருக்கலாம்.

எந்த வைபர்னம் என்பதில்தான் சிக்கல். இலைக்காம்பின் மேல்முனையில் மரு போலச் சின்னச் சுரப்பிகள் இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் நன்றாகத் தெரியும். சுரப்பியின் உச்சி குழிந்திருந்தால் ஐரோப்பிய வகையான ஓபுலஸ். குழியாமல், தட்டையாகவோ உருண்டோ, குட்டிக் காம்பில் நின்றால் அமெரிக்க வகையான ட்ரைலோபம். ஓர் இலையை நம்பாதீர்கள், பத்து இலையாவது பாருங்கள். இரண்டும் கலந்த செடிகளும் உண்டு. நாற்றுப் பண்ணைச் சீட்டையும் நம்ப வேண்டாம், ட்ரைலோபம் என்ற பெயரில் ஓபுலஸ் விற்பது சகஜம்.

ஜாமுக்கு ஏற்றது ட்ரைலோபம்தான், நல்ல புளிப்பு. ஓபுலஸ் பெரும்பாலும் கசக்கும். பச்சையாக நிறையத் தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். உறுதியாகும்வரை குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலைக்காம்பைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.