யார் கணக்கில் எழுதுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரீஸில், 2020-ன் ஆறாவது ஆட்டத்தைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். டாம்பா பே ரேஸ் 1-0 என்று முன்னிலையில் இருக்கிறது. அவர்களுடைய பிட்சர் (பந்து வீசுபவர்) பிளேக் ஸ்னெல் வீசியது 73 பந்துகள்தான். 9 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் வீழ்த்துவது), ஒரு வாக் (நான்கு தவறான பந்துக்காகப் பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது) கூட இல்லை. ஒன்பதில் ஆறாவது இன்னிங்ஸில் ஒரு சிங்கிள் விழுந்ததும் மேனேஜர் கெவின் கேஷ் அவரை வெளியே எடுத்துவிட்டார். ஆட்டமும் போயிற்று, கோப்பையும் போயிற்று. கேஷ் செய்தது சரியா? புள்ளிவிவரக்காரர்கள் பேஸ்பாலைக் கொன்றுவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஸ்னெல் பெயரில் எழுதப்பட வேண்டிய ஒரு வெற்றி பறிபோனது.

அவர் 2018-ல் 21 வெற்றி பெற்றவர். அதே ஆண்டு, இரண்டு லீக்குகளில் இன்னொன்றான நேஷனல் லீக்கில், வெறும் 10 வெற்றி, 9 தோல்வி வைத்திருந்த ஜேக்கப் டிகிராமுக்கும் ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது கொடுத்தார்கள். நல்ல பிட்சர் எந்த அணியில் இருந்தாலும் ஜெயிப்பார். 1972-ல் மொத்தமே 59 ஆட்டங்கள் வென்ற பிலடெல்பியா பில்லீஸில் ஸ்டீவ் கார்ல்டன் 27 வெற்றி பெறவில்லையா?

இன்னொரு சின்ன சந்தேகம். ஸ்னெல்லின் 2018 இ.ஆர்.ஏ.வை (ஃபீல்டிங் பிழையால் வந்தவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்) நானே போட்டுப் பார்த்தால் (38 × 9 ÷ 180.2) 1.90 வருகிறது. எல்லா இடத்திலும் 1.89 என்றே இருக்கிறது. ஏன்?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 180.2 என்பது தசமம் அல்ல. 180 இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும். ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் என்பதால் அது 180⅔. கிரிக்கெட்டில் 5.3 ஓவர் என்றால் ஐந்தரை ஓவர் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். இங்கு வந்ததும் எப்படி மறந்துபோனது? 38-ஐ 9-ஆல் பெருக்கினால் 342. அதை 180.667-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.89 வரும். ஆனாலும் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பாமல் காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தீர்களே, அதற்காகவே இந்தப் பதிலை எழுதுகிறேன். உங்களைத் திட்டப்போவதும் அந்த உரிமையில்தான்.

கேஷ் செய்தது தவறு என்பதே என் எண்ணம். ஆனால் புள்ளிவிவரம் ஆட்டத்தைக் கொன்றது என்ற புலம்பலை இனி எனக்கு எழுதாதீர்கள். ஒரு பிட்சரை மூன்றாம் முறை சந்திக்கும்போது பேட்டர்கள் நன்றாக ஆடுகிறார்கள் என்பது பல்லாண்டுக் கணக்கில் உறுதியான விஷயம். அதற்குள் அவருடைய பந்துகளை ஏழெட்டு முறையாவது பார்த்திருப்பார்கள். ஸ்னெல்லும் அந்த ஆண்டு வழக்கமான சீசனில் 11 ஆட்டங்களைத் தொடங்கி 50 இன்னிங்ஸ்தான் வீசியிருந்தார், ஆட்டத்துக்கு நாலரை. எனவே சீக்கிரம் எடுப்பது கேஷுக்குத் திடீரென்று வந்த யோசனை அல்ல. பிழை வேறிடத்தில். அடுத்து ஆட வரவிருந்த எதிரணியின் மூக்கி பெட்ஸ், கோரி சீகர், ஜஸ்டின் டர்னர் மூவரும் அன்று ஸ்னெல்லிடம் ஆளுக்கு இரண்டு முறை ஆடி ஆறு முறையும் ஸ்ட்ரைக்அவுட் ஆகியிருந்தார்கள். உள்ளே வந்த நிக் ஆண்டர்சனின் சீசன் இ.ஆர்.ஏ. 0.55. பார்க்கப் பிரமாதமான எண். ஆனால் அது 16⅓ இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன் என்ற சின்னக் கணக்கு. பிளேஆஃபில் (சீசனுக்குப் பிந்தைய தொடர்களில்) அதற்கு முந்தைய ஆறு ஆட்டங்களிலும் அவர் ரன் கொடுத்திருந்தார். கேஷ் எண்ணைப் பார்த்ததால் தோற்கவில்லை. எந்த எண்ணின் கீழே எத்தனை இன்னிங்ஸ் இருக்கிறது என்று பார்க்காததால் தோற்றார். இதற்கு மேல் அந்த மாலையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

என்னை உறுத்தியது உங்கள் கடிதத்தின் வேறொரு வரி. ‘ஸ்னெல் பெயரில் எழுதப்பட வேண்டிய ஒரு வெற்றி.’ சில வாரங்களாக அட்டவணையில் ‘வெற்றி’ என்று இருக்கும் இந்தப் பத்தியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பேஸ்பால் அட்டவணைகளில் பிட்சர் பெயருக்கு நேராக முதலில் நிற்கும் இரண்டு எண்கள், வெற்றியும் தோல்வியும். ஒன்பது பேர் ஆடி, நாலைந்து பிட்சர்கள் மாறி மாறி வீசி முடித்த ஆட்டத்தை ஒரே ஆள் தலையில் எழுதும் ஏற்பாடு அது. கிரிக்கெட்டில் எந்தப் பந்துவீச்சாளருக்கும் ‘21 வெற்றி, 5 தோல்வி’ என்று யாரும் எழுதுவதில்லை. எழுதினால் நீங்களே சண்டைக்கு வருவீர்கள். இங்கு மட்டும் ஏன் ஒத்துக்கொள்கிறீர்கள்?

அந்த வெற்றி எப்படிக் கிடைக்கிறது என்று விதியைப் படித்திருக்கிறீர்களா? ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் முடித்திருக்க வேண்டும். அவர் வெளியேறும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும், அல்லது அவர் வீசி முடித்ததும் அணி பேட் செய்யும் பாதி இன்னிங்ஸில் முன்னிலை எடுக்க வேண்டும். அதன்பின் அந்த முன்னிலை ஆட்டம் முடியும்வரை ஒரு கணமும் சமநிலைக்கு வரக்கூடாது. இந்த மூன்றில் ஒரு பிட்சர் கையில் இருப்பது ஐந்து இன்னிங்ஸ் மட்டுமே, அதிலும் மேனேஜர் விட்டால்தான். முன்னிலை கொடுப்பவர்கள் பேட்டர்கள். அதைக் காப்பாற்றுவது புல்பென், அதாவது பின்னால் மாற்றாக வந்து வீசும் பிட்சர்கள்.

ஓர் ஆட்டத்தைக் கற்பனை செய்து பாருங்கள். ஒருவர் ஏழு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் வீசி 1-0 என்று விட்டுப்போகிறார். எட்டாவதில் வந்த ரிலீவர் (மாற்றுப் பிட்சர்) ஒரு ஹோம் ரன் (எல்லைக்கு வெளியே போகும் அடி) கொடுத்து 1-1 ஆக்குகிறார். அடுத்த பாதியில் அவர் அணி ஒரு ரன் எடுத்து ஜெயிக்கிறது. வெற்றி யாருக்கு? ஹோம் ரன் கொடுத்த ரிலீவருக்கு. ஏழு இன்னிங்ஸ் வீசியவருக்கு அட்டவணையில் வெற்று இடம். அபூர்வமான நிகழ்ச்சி என்று நினைக்காதீர்கள். சீசன் முழுக்க நடப்பதுதான் இது.

உங்கள் ரேஸ் அணியிலேயே, நீங்கள் கொண்டாடும் 2018-லேயே உதாரணம் இருக்கிறது. அந்த ஆண்டு மே மாதம் அவர்கள் ‘ஓப்பனர்’ முறையைத் தொடங்கினார்கள். செர்ஜியோ ரோமோ போன்ற ஒரு ரிலீவர் முதல் இன்னிங்ஸை மட்டும் வீசுவார். எதிரணியின் பலமான முதல் மூன்று பேட்டர்களை அவர் சமாளித்தபின், நீண்ட நேரம் வீசுபவர் உள்ளே வருவார். அப்படி வந்தவர்களில் முக்கியமானவர் ரயன் யார்ப்ரோ. 38 ஆட்டங்களில் ஆறை மட்டுமே தொடங்கினார். இ.ஆர்.ஏ. 3.91. வெற்றிகள் எத்தனை தெரியுமா? 16. ஐந்து இன்னிங்ஸ் நிபந்தனை ஆட்டத்தைத் தொடங்குபவருக்குத்தான். இரண்டாமவராக வருபவருக்கு இல்லை. நாலு இன்னிங்ஸ் வீசினாலும் சரியான நேரத்தில் அணி முன்னிலை எடுத்துவிட்டால் அவர் பெயரில் வெற்றி. யார்ப்ரோ நல்ல உழைப்பாளி, அவரைக் குறை சொல்லவில்லை. 3.91-க்கு 16 வெற்றியும் 1.70-க்கு 10 வெற்றியும் ஒரே ஆண்டில் எழுதும் பத்தியைத்தான் சொல்கிறேன்.

அந்த 1.70 டிகிராமுடையது. 32 ஆட்டங்கள், 217 இன்னிங்ஸ், 269 ஸ்ட்ரைக்அவுட். ஸ்னெல்லைவிட 36⅓ இன்னிங்ஸ் அதிகம். அதாவது புல்பென் எடுத்திருக்க வேண்டிய 109 அவுட்டுகளை டிகிராமே எடுத்தார். தொடர்ச்சியாக 29 ஆட்டங்களில் மூன்று ரன்னுக்கு மேல் அவர் கொடுக்கவில்லை. 10 வெற்றியும் 9 தோல்வியும் போக மீதி 13 ஆட்டங்களில் அவர் பெயரில் எதுவுமே எழுதப்படவில்லை. நியூயார்க் மெட்ஸ் அந்த ஆண்டு 77 வென்று 85 தோற்ற அணி. அந்தத் தோல்விகளுக்கு மாதம் தவறாமல் ரன்னைக் கட்டிப்போட்ட மனிதனைப் பொறுப்பாக்குவீர்களா? விருதுக்கு வாக்களித்த 30 பேரில் 29 பேர் அவரை முதலிடத்தில் வைத்தார்கள். 18 வெற்றியும் 300 ஸ்ட்ரைக்அவுட்டும் வைத்திருந்த மேக்ஸ் ஷெர்ஸரைத் தாண்டி.

அந்தத் தெளிவு எளிதில் வந்ததல்ல. 1987-ல் நோலன் ரயன் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்காக வீசினார். இ.ஆர்.ஏ. 2.76, ஸ்ட்ரைக்அவுட் 270. நேஷனல் லீக்கில் இரண்டிலும் முதலிடம். அவருடைய கணக்கு 8 வெற்றி, 16 தோல்வி. விருது அவருக்கு இல்லை. 1990-ல் ஓக்லாந்தின் பாப் வெல்ச் 27 வெற்றி, இ.ஆர்.ஏ. 2.95. பாஸ்டனின் ரோஜர் கிளமென்ஸ் 21 வெற்றி, இ.ஆர்.ஏ. 1.93. விருது வெல்ச்சுக்குப் போனது. ஓக்லாந்து அந்த ஆண்டு 103 ஆட்டங்கள் வென்ற அணி; வெல்ச் வெளியேறியபின் கடைசி இன்னிங்ஸைக் காத்தவர் 0.61 இ.ஆர்.ஏ. வைத்திருந்த டென்னிஸ் எக்கர்ஸ்லி. 27 என்ற எண்ணில் எக்கர்ஸ்லியின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. 2010-ல்தான் திருப்பம். சியாட்டிலின் ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13 வெற்றி, 12 தோல்வி, 249⅔ இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 2.27. அவருடைய அணி 162 ஆட்டங்களில் எடுத்த ரன் வெறும் 513, ஆட்டத்துக்கு மூன்று சொச்சம். 21 வெற்றி பெற்ற சி.சி. சபாத்தியாவைத் தாண்டி ஹெர்னாண்டஸுக்கு விருது கிடைத்தது. அன்று திறந்த வழியில்தான் டிகிராம் வந்தார்.

நீங்கள் அந்த வழியை மூடச் சொல்கிறீர்கள். மூடினால் யாருக்கு அடி விழும்? 2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அட்லாண்டாவின் ஸ்பென்ஸர் ஸ்ட்ரைடர் 20 வெற்றி, 5 தோல்வி, இ.ஆர்.ஏ. 3.86. அந்த ஆண்டு நேஷனல் லீக் சை யங் விருது 14 வெற்றி, 9 தோல்வி, 2.25 இ.ஆர்.ஏ. வைத்திருந்த சான் டியேகோ பிட்சருக்கு. அவர் பெயர் பிளேக் ஸ்னெல். உங்கள் அளவுகோலைப் பிடித்தால் அவர் கையிலிருந்து அதைப் பிடுங்க வேண்டும். மனசு வருமா?

கார்ல்டனுக்கு வருகிறேன். அவரைப் பற்றி எழுதியிருந்தது எனக்குச் சந்தோஷம், அந்த 1972 போல ஒன்று இனி வராது. ஆனால் அவர் எப்படி 27 வென்றார் என்பதை நீங்கள் சொல்லவில்லை. 41 ஆட்டங்கள், 346⅓ இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 1.97. அதில் 30 ஆட்டங்களை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை அவரே வீசினார். புல்பென் கையில் பந்தைக் கொடுத்தால்தானே அவர்கள் அதைக் கெடுக்க முடியும்? டிகிராம் 2018-ல் முழு ஆட்டம் வீசியது ஒரே முறை. அது அவருடைய சோம்பல் அல்ல. ஐந்து பேர் முறைவைத்துத் தொடங்குவதும், 100 பந்து நெருங்கியதும் புல்பென்னில் ஒருவர் தோளைச் சூடாக்கத் தொடங்குவதும் இன்றைய நடைமுறை. நீங்களே 73 பந்தில் ஸ்னெல்லை எடுத்ததற்கு அழுகிறீர்கள். அதே கடிதத்தில் டிகிராம் ஏன் கார்ல்டன் போல வெல்லவில்லை என்கிறீர்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

இ.ஆர்.ஏ. மட்டும் போதும் என்றும் சொல்லமாட்டேன். நீங்கள் பார்த்த அதே ஆட்டத்தில் ஸ்னெல் வெளியேறும்போது எதிரணியின் ஆஸ்டின் பார்ன்ஸ் முதல் பேஸில் நின்றார். பெட்ஸ் டபுள் (இரண்டாம் பேஸ்வரை போகவைக்கும் அடி) அடித்தது ஆண்டர்சனின் பந்தை. பார்ன்ஸை உள்ளே வரவிட்ட வைல்ட் பிட்ச்சும் (கேட்சர் பிடிக்க முடியாமல் விலகிப்போன பந்து) ஆண்டர்சனுடையது. ஆனால் அந்த ரன் ஸ்னெல் கணக்கில் ஏறியது, பேஸில் ஆளை விட்டுப்போனவர் அவர் என்பதால். அடுத்து சீகரின் தரைப்பந்தில் பெட்ஸ் வந்த ரன்தான் ஆண்டர்சன் கணக்கில், தோல்வியும் அவர் பெயரில்.

இந்தக் கலப்பைக் கழிக்க எஃப்.ஐ.பி. என்றொரு கணக்கு உண்டு. ஃபீல்டர்கள் தொட முடியாதவற்றை மட்டும் எடுப்பது. ஹோம் ரன்னை 13-ஆல் பெருக்குங்கள். வாக்கையும் உடம்பில் பட்ட பந்தையும் கூட்டி 3-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி, ஸ்ட்ரைக்அவுட்டின் இருமடங்கைக் கழித்து, இன்னிங்ஸால் வகுத்து, அந்தந்த ஆண்டின் மாறிலியை (விடையை இ.ஆர்.ஏ. அளவுக்குக் கொண்டுவரும் நிலையான எண்) சேருங்கள். 2018-ல் அது ஏறக்குறைய 3.16. டிகிராமுக்கு 10 ஹோம் ரன், 46 வாக், 5 உடம்பில் பட்டவை, 269 ஸ்ட்ரைக்அவுட். 130-ம் 153-ம் 283, அதில் 538 போனால் மைனஸ் 255. 217-ஆல் வகுத்தால் மைனஸ் 1.18. மாறிலி சேர்த்தால் 1.98-ஐ ஒட்டி வரும். 1.70 வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்பதற்கு இது போதும். மூன்று நாலு ஆட்டங்களுக்கு இதைப் போடாதீர்கள், ஒரே ஒரு ஹோம் ரன் எண்ணைக் குப்புறக் கவிழ்த்துவிடும். வகுக்கும்போது மறுபடி 180.2 என்று அடித்துவிடாதீர்கள்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். டிகிராமின் 2018 ஆட்ட வரிசையை எடுத்து, அவர் பெயரில் எதுவும் எழுதப்படாத அந்த 13 ஆட்டங்களை மட்டும் தனியே குறியுங்கள். ஒவ்வொன்றிலும் அவர் வெளியேறியபோது ஸ்கோர் என்ன, எத்தனை பேரைப் பேஸில் விட்டுப்போனார், அவர்களில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், அவர் வீசிய நேரத்தில் மெட்ஸ் எத்தனை ரன் எடுத்தது என்று நாலு பத்தியில் எழுதி அனுப்புங்கள். கேஷைப் பற்றி அதற்குப்பின் வேண்டிய மட்டும் பேசலாம்.

அன்புடன்.