மலேரியா மாத்திரையும் தசைத் தளர்ச்சியும்: டாக்டர் பதில்கள்

டாக்டர், எனக்கு 52 வயது, எடை 45 கிலோ. முடக்குவாதத்துக்கு எட்டு வருஷமாக ஹைட்ராக்சிகுளோரோகுயின் தினம் 400 மி.கி. சாப்பிடுகிறேன். ஆறு மாதமாகத் தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. வலி இல்லை. வயசுதான் காரணமா?

வயசு மேல் பழி போடாதீர்கள் அம்மா. கையைத் தொடையில் ஊன்றித்தான் எழுகிறீர்களா? கொடியில் துணி போடும்போது கை சோர்ந்து கீழே வருகிறதா? அப்படியானால் இடுப்பு, தோள் தசைகள் தளர்ந்திருக்கின்றன. மலேரியாவுக்கென்று வந்த இந்த மருந்து, அரிதாக, அந்தத் தசைகளைத்தான் பிடிக்கும். வலிக்காது என்பதால் நோயாளியும் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. தினம் கிலோவுக்கு 5 மி.கி.தான் வரம்பு. உங்கள் எடைக்கு 225 மி.கி. வருகிறது; நீங்கள் எடுப்பது ஏறக்குறைய இரு மடங்கு! சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்த டெஸ்டும் பாருங்கள். சிறுநீரகம் மந்தமானால் மருந்து உடம்பில் தேங்கும்.

எனக்கும் அதே தளர்ச்சி. தசைச் சேதத்தைக் காட்டும் சி.கே. ரத்த டெஸ்ட் நார்மல். அப்போ மாத்திரை காரணம் இல்லையே?

அப்படிச் சொல்ல முடியாது. செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் பைகள் லைசோசோம்கள். அமிலம் இருந்தால்தான் அவற்றுக்கு வேலை ஓடும். மருந்து உள்ளே புகுந்து அந்த அமிலத்தை மட்டுப்படுத்துவதால், செரிக்காத கழிவு தசை நாருக்குள் குமிழிகளாகச் சேர்கிறது. நார் உடைந்தால்தான் சி.கே. எகிறும், இங்கே பலருக்கு நார்மல், அல்லது லேசாகக் கூடியிருக்கும். சந்தேகம் தீர, தசையில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான். ஸ்டீராய்டும் சாப்பிடுகிறீர்களா? அதுவும் இதே தசைகளைத் தளர்த்தும், ஆனால் இந்தக் குமிழிகள் இருக்காது.

மகனுக்கு மலேரியா. இதே வகை மருந்தான குளோரோகுயின் மூன்று நாள் கொடுத்தார்கள். தசை பாதிக்குமா?

பயப்படாதீர்கள். இது மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் பிரச்சினை. அவன் உடம்பு வலி காய்ச்சலால் வருவது. கூடவே பிரைமாகுயின் என்ற இன்னொரு மலேரியா மாத்திரை கொடுத்திருந்தால் சிறுநீரைக் கவனியுங்கள். டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே கூட்டிக்கொண்டு போங்கள், ரத்த அணுக்களைக் காக்கும் ஜி6பி.டி. என்ற என்சைம் குறைவால் ரத்த அணுக்கள் உடைகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

எனக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய். மாத்திரையால்தான் தளர்ச்சி என்றால் இன்றே நிறுத்திவிடட்டுமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம், லூபஸ் கிளம்பிவிடும். உங்கள் டாக்டர் நிறுத்தச் சொன்னாலும் மருந்து வெளியேற மாதங்கள் பிடிக்கும். பலம் பெரும்பாலும் திரும்பும், மெதுவாக. அப்புறம், இதயமும் தசைதான். ஈ.சி.ஜி., எக்கோ எடுத்துவிடுங்கள். மாடி ஏறுகையில் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றி விழப் பார்த்தீர்கள் என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.