வெளியாள் வந்து பார்த்தால் என்ன?

அன்புள்ள அண்ணாச்சி,

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். போர்ச்சுகலின் உயர்கல்வியை வெளிநாட்டு நிபுணர்கள் ஆராய்ந்ததைப் பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டேன். ஊரே தெரியாதவர்கள் சில நாள் வந்துபோய் எழுதுகிற அறிக்கையால் என்ன பயன்? நம் கல்லூரிகளின் கதை நமக்குத் தெரியாதா?

(வாசகர்)

அன்புள்ள தம்பி,

தெரியும். ஆனால் தெரிந்ததை யார் எழுதி வைத்திருக்கிறோம்?

பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்து நடத்தும் ஓஇசிடி என்ற பொருளாதார அமைப்பு 2004 முதல் 2008 வரை 24 நாடுகளின் உயர்கல்விக் கொள்கையை ஆராய்ந்தது. நான் பேசிய போர்ச்சுகல் அதில் உண்டு, இந்தியா இல்லை. எனக்கு அதில் பிடித்ததே அதன் வரிசைதான். முதலில் அந்த நாடே தன்னைப் பற்றி ஓர் அறிக்கை எழுத வேண்டும், பணம் எங்கிருந்து வருகிறது, யார் படிக்கிறார்கள், யார் கல்லூரி வாசலுக்கே வரவில்லை என்றெல்லாம், அதைப் படித்துவிட்டுத்தான் வெளியாட்கள் வந்து அதிகாரிகளையும் ஆசிரியர்களையும் மாணவர்களையும் பார்ப்பார்கள். போர்ச்சுகலில் அரசே கேட்டுத்தான் ஆய்வு நடந்தது. 2007லேயே பல்கலைக்கழக நிர்வாகத்தை மாற்றிய சட்டம் வந்தது, தர மதிப்பீட்டுக்குத் தனி அமைப்பும் வந்தது. பல்கலைக்கழகங்கள் அறக்கட்டளையாக மாறலாம் என்று அந்தச் சட்டம் சொன்னதை அங்கேயே பலர் எதிர்த்தார்கள். எதிர்க்கட்டும், பேச ஒரு காகிதமாவது கையில் இருந்ததே.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வந்தது. வெள்ளையடித்தோம், பூந்தொட்டி வாடகைக்கு எடுத்தோம், பிள்ளைகளுக்குப் பதில் சொல்லிக் கொடுத்தோம். ஆய்வகத்தில் ரசாயனம் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது என்று சொல்ல வாயெடுத்த பெண்ணைப் பின்வரிசைக்கு மாற்றினோம். மாற்றியவர்களில் நானும் ஒருவன், அது இன்றும் உறுத்துகிறது.

பதினைந்து வயதுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதே ஓஇசிடி பல நாடுகளில் நடத்துகிற பிசா தேர்வின் 2009 சுற்றிலும் அப்படித்தான். தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் எழுதின, 74 இடங்களில் கடைசிக்கு அருகே வந்தோம். கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி, அடுத்து வந்த தேர்வுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரையா ஒளித்து வைப்போம்?

2021-22 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை 18 முதல் 23 வயதுக்காரர்களின் எண்ணிக்கையில் 47 சதவீதம், நாட்டுக்கு 28.4. இது பெரிய சாதனை, மனசார மெச்சுகிறேன். பாளையங்கோட்டையில் காலை எட்டரைக்கு நின்று பாருங்கள், ஆலங்குளத்திலிருந்தும் நாங்குநேரியிலிருந்தும் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பெண்பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பில் என்ன கிடைக்கிறது, பட்டம் வாங்கிய பிறகு எங்கே போகிறார்கள்? நம்மிடம் சேர்க்கைக் கணக்கு இருக்கிற அளவுக்கு இந்தக் கணக்கு இல்லை. வெளியாள் வந்தால் முதலில் கேட்பது இதைத்தான்.

குழு வரும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? உங்கள் துறையில் எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் உங்களைப் போல, ஒருவர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பெடுக்கிறார், போன வருஷம் முடித்த பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள். கல்லூரி பெயர் வேண்டாம். வருவதை எல்லாம் இங்கேயே போடுகிறேன்.