'பச்சை' மின்சாரமும் கூரைச் சூரியத் தகடும்: கையெழுத்துப் போடுமுன்

கேள்வி: வாசலுக்கு வந்த விற்பனையாளர், "நூறு விழுக்காடு பச்சை மின்சாரம், யூனிட்டுக்கு ஒன்றரைக் காசுதான் கூடுதல்" என்கிறார். எங்கள் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குச் சூரிய மின்சாரமா வரப்போகிறது? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: இல்லை. கம்பியில் வருவது பழைய மின்சாரமேதான். சிங்கப்பூரில் ஏறத்தாழ 95 விழுக்காடு மின்சாரம் இயற்கை எரிவாயுவை எரித்துத்தான் கிடைக்கிறது. உங்கள் கூடுதல் காசு வாங்குவது ஒரு சான்றிதழை. எங்கோ ஒரு சூரிய நிலையமோ காற்றாலையோ 1,000 யூனிட் உற்பத்தி செய்தால் ஒரு சான்றிதழ் பிறக்கும். நீங்கள் மாதம் 400 யூனிட் செலவழித்தால் ஆண்டுக்கு 4,800 யூனிட், அதாவது கிட்டத்தட்ட ஐந்து சான்றிதழ். கூடுதல் செலவு 72 வெள்ளி.

அந்தச் சான்றிதழ் எந்த நாட்டில், எந்த ஆண்டில் உற்பத்தியான மின்சாரத்துக்கானது என்று கேளுங்கள். பதிவேட்டில் அது ரத்து செய்யப்பட்டதற்கான சான்றையும் கேளுங்கள். ரத்தாகாத சான்றிதழை இன்னொருவருக்கும் விற்கலாம் என்பதால் இந்தக் கேள்விதான் முக்கியம். பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் வெளிநாட்டு அணை ஒன்றின் சான்றிதழ் என்றால், உங்கள் 72 வெள்ளியால் புதிதாக ஒரு தகடுகூடக் கூரை ஏறாது. சில திட்டங்களில் சான்றிதழே கிடையாது. எரிவாயு மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு, வேறெங்கோ குறைத்த கரிமத்தைக் கணக்குக் காட்டி ஈடுசெய்கிறார்கள். அது வேறு சரக்கு. ஒரே விலை கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்துக்கு முன் நிறுவனம் தர வேண்டிய தகவல் தாளில் ஒப்பந்தக் காலத்தையும், இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகையையும் பாருங்கள். எங்கள் கருத்தைக் கேட்டால், வீட்டில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் ஏறத்தாழ 0.4 கிலோ கரியமில வாயுவைத் தடுக்கிறது. அதற்கு எவர் சான்றிதழும் தேவையில்லை. குளிர்சாதனம் பழையதாக இருந்தால் முதல் செலவு அங்கேதான்.

கேள்வி: எங்கள் தரைவீட்டுக் கூரையில் 10 கிலோவாட் சூரியத் தகடு போட்டால் மாதம் 1,000 யூனிட் கிடைக்கும், அத்தனைக்கும் முழுக் கட்டணம் மிச்சம் என்று கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். நம்பலாமா? (சிராங்கூன் வாசகர்)

பதில்: 1,000 யூனிட் என்பதை நம்பலாம். ஒரு கிலோவாட் தகடு இங்கே ஆண்டுக்குச் சுமார் 1,200 யூனிட் தரும். 10 கிலோவாட்டுக்கு நிழலில்லாத 50 சதுர மீட்டர் இடம் வேண்டும். பிழை அடுத்த வரியில் இருக்கிறது.

தகடு வேலை செய்வது பகலில். வீட்டில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டால் பகல் உபயோகம் 300 யூனிட்டைத் தாண்டாது. மீதி 700 மின்தொகுப்புக்கு, அதாவது ஊருக்கெல்லாம் மின்சாரம் கொண்டுசெல்லும் பொதுக் கம்பிக் கட்டமைப்புக்குப் போகும். எஸ்பி குழுமத்தின் வழக்கமான கட்டணத்தில் இருப்பவர்களுக்கு, ஏற்றுமதியாகும் யூனிட்டுக்கு மின்தொகுப்புக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டுதான் வரவு வைப்பார்கள். சில்லறை மின்சார நிறுவனத்திடம் வாங்குபவர்களுக்குக் கணக்கு முறையே வேறு. ஆகவே 300, 700 என்று இரண்டு வரியாகப் பிரித்து, முதலீடு திரும்பும் காலத்தைப் புதிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். துணி துவைப்பதையும் தண்ணீர் சூடாக்குவதையும் நண்பகலுக்கு மாற்றினால் முதல் வரி கூடும்.

விலைப்பட்டியலில் இன்னும் பார்க்க வேண்டியவை உண்டு. தகடுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்பார்கள். தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கேற்ற மின்சாரமாக மாற்றும் கருவியான இன்வெர்ட்டரைப் பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுக்குள் மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வரிசையாக இணைத்த தகடுகளில் ஒன்றின்மேல் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்தாலும் வரிசையின் உற்பத்தி குறையும். நிழல் இருந்தால், ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியாக இயங்கவைக்கும் கருவியான சீராக்கியைத் தகடுக்கொன்றாகக் கேளுங்கள். சாய்வு 10 டிகிரியாவது இருந்தால் மழையே தூசியைக் கழுவிவிடும். ஓட்டுக் கூரையைத் துளையிடுவதாக இருந்தால், ஒழுகினால் யார் பொறுப்பு, எத்தனை ஆண்டுக்கு என்பது எழுத்தில் இருக்கட்டும். பிற்பாடு வரும் சண்டைகளில் பெரியது இதுதான். உலோகக் கூரையில் கவ்வி போட்டே பொருத்தலாம்.

மின்தடை வந்தால் தகடும் நின்றுவிடும். பழுது பார்ப்பவருக்கு ஷாக் அடிக்காமலிருக்க இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்ளும். அந்த நேரத்திலும் விளக்கு எரிய வேண்டுமானால் மின்கலமும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும்.

கேள்வி: கேட்டரிங் நடத்துகிறோம். பொரித்த எண்ணெயை வாங்கிக்கொள்கிறோம், அதிலிருந்து செய்த பயோடீசலை வேனுக்கு ஊற்றுங்கள் என்கிறார் ஒருவர். (ஈசூன் வாசகர்)

பதில்: எண்ணெயைக் கொடுங்கள், நல்ல காரியம். துவாஸிலுள்ள நெஸ்டே ஆலை கழிவுக் கொழுப்பையும் பழைய சமையல் எண்ணெயையும் டீசலாகவும் விமான எரிபொருளாகவும் மாற்றுகிறது. காட்டை அழித்து நட்ட செம்பனையின் புது எண்ணெயில் செய்த எரிபொருளைவிடக் கழிவிலிருந்து வருவது சுத்தம். ஆறவைத்து, வடிகட்டி, தண்ணீரும் குழம்பும் சேராமல் டின்னில் ஊற்றுங்கள். எடை ரசீது வாங்குங்கள், எங்கே போகிறது என்றும் கேளுங்கள்.

வேன் விஷயத்தில் அவசரம் வேண்டாம். பயோடீசல் என்ற பெயரில் இரண்டு பொருள் இருக்கிறது. ஹைட்ரஜன் சேர்த்துச் சுத்திகரித்தது வழக்கமான டீசலைப் போலவே நடந்துகொள்ளும். மெத்தனால் சேர்த்துச் செய்த பழைய வகை, தண்ணீரை ஈர்க்கும்; மாதக்கணக்கில் வைத்திருந்தால் கெடும்; டாங்கில் படிந்த கசடைக் கரைத்து ஃபில்டரை அடைக்கும். எந்த வகை, எத்தனை விழுக்காட்டுக் கலவை என்று எழுதி வாங்கி, வேனின் கையேட்டில் அனுமதித்த அளவோடு ஒப்பிடுங்கள். பல எஞ்சின்களுக்கு அது 7 விழுக்காடுதான். மீறினால் உத்தரவாதம் போய்விடலாம்.