ராசா முட்டை போட்டுவிட்டான்!

வீட்டுப் பறவைகள்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று, எதிர்பாராமல் வந்த புறா முட்டையைப் பற்றியவை. அதனால் கிளிகளையும் லவ் பேர்ட்ஸையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்கிறேன். கிளிக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: ஐயா, போன வருசம் காகம் கொத்தி விழுத்தின புறாக்குஞ்சு ஒன்றை மகன் ரியூசனால் வரும் வழியில் தூக்கிவந்தான். தப்பி வளர்ந்தது. கழுத்தை உப்பிக்கொண்டு குமுறித் திரிந்ததால் ஆண் என்று முடிவுகட்டி, ராசா என்று பெயரும் வைத்தோம். வேறு புறா எதுவும் வீட்டில் இல்லை. போன செவ்வாய்க்கிழமை பின்னேரம், தையல் மெசினுக்குக் கீழே நான் வெட்டுத்துணி போடும் கடகத்துக்குள் ஒரு வெள்ளை முட்டை கிடந்தது! சோடி இல்லாமல் இது எப்படி? வீட்டுக்குள் புறா முட்டையிடுவது சரியில்லை, எடுத்து எறி என்கிறா மாமி. குஞ்சு பொரிக்கும் என்று கடகத்துக்குக் காவல் இருக்கிறான் மகன். நான் என்ன செய்ய?
வாசகி, கோண்டாவில்

பதில்: எறியவும் வேண்டாம் தங்கச்சி, காவலும் வேண்டாம். முட்டையை அப்படியே விடுங்கள்.

கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் இதைச் சொன்னேன். அப்போது நீங்கள், "ஐயா, வியாழன் மத்தியானம் இன்னொன்றும் போட்டிட்டுது" என்றீர்கள். அதுதான் புறாவின் கணக்கு. முதல் முட்டை பின்னேரம் ஐந்து மணியை ஒட்டி வரும். ஒரு நாள் இடைவிட்டு, அதற்கு மறுநாள் மத்தியானம் கழிய இரண்டாவது வரும். ஏறக்குறைய 44 மணித்தியால இடைவெளி. அதோடு நிறுத்திவிடும், கோழி மாதிரி தொடர்ந்து போடாது.

சேவல் இல்லாமல் கோழி முட்டையிடுவது உங்களுக்குத் தெரியும். கடை முட்டை எல்லாம் அப்படித்தான் வருகிறது. புறாவிடம் ஒரு வித்தியாசம் உண்டு. யாரையும் காணாமல் தனியே அடைபட்டிருக்கிற பேடு, அதாவது பெண் புறா, பெரும்பாலும் முட்டையிடாது. தனக்கு ஒரு துணை இருக்கிறது என்று அதற்குப் பட வேண்டும். 1939-இல் ஹாரிசன் மத்தியூஸ் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், தனியாக வைத்திருந்த பேட்டுக்கு முன்னால் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தையே துணையாக எடுத்துக்கொண்டு அது முட்டையிட்டது.

உங்கள் வீட்டில் கண்ணாடியின் வேலையைப் பார்த்தது யார் என்று விசாரித்தேன். மகன் படிக்கும்போது அதை மடியில் வைத்து முதுகைத் தடவிக்கொண்டே இருப்பானாம். அது அவன் விரல் இடுக்கில் சொண்டை நுழைத்துக் கொஞ்சுமாம். புறாக்களுக்குள் சொண்டோடு சொண்டு வைப்பது காதல் பேச்சு. முதுகில் கை படுவது அதற்கு அடுத்த கட்டம். பாவம், பொடியன் கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்தான். ராசா கலியாணமே முடித்துவிட்டது. பெயரை மாற்றுவதா விடுவதா என்பது உங்கள் வீட்டுப் பிரச்சினை. எங்கள் வளவில் கண்ணன் என்று ஒரு பேடு பதினொரு வருசம் இருந்தது.

குமுறுவதை வைத்து ஆண் பெண் சொல்வது எப்போதும் சரிவராது. பேடும் குமுறும், கழுத்தை உப்பும், சுற்றியும் வரும். முட்டை ஒன்றுதான் பொய் சொல்லாத சாட்சி.

இனி, ஏன் எறியக் கூடாது என்கிறேன்? எனக்குப் பதின்மூன்று வயது. கொக்குவிலில் எங்கள் வளவில் பலகைப் பெட்டி அடித்து நாலு சோடி வைத்திருந்தேன். குஞ்சு கூடிவிட்டது, தீனுக்குக் காசில்லை என்று அப்பு ஏசினார். சரி, முட்டையை எடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்து, ஒரு சாம்பல் பேட்டின் முட்டைகளை இட்ட உடனேயே எடுத்து மதிலுக்கு அப்பால் எறிந்தேன். பத்து நாள் போகவில்லை, மறுபடி இரண்டு. அதையும் எறிந்தேன். மறுபடியும். நாலாம் தடவை வந்தது தோல்முட்டை. கையில் எடுத்தால் ஓடு இல்லை, நனைந்த கடதாசி போல அமுங்கியது. அதற்கு அடுத்த தடவை முட்டை வெளியே வரவே இல்லை. காலையில் பெட்டி மூலையில் செட்டையைப் பரப்பிக்கொண்டு கிடந்தது அந்தப் பேடு. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. அப்பு ஒன்றும் சொல்லவில்லை. அது ஏச்சைவிட மோசமாக இருந்தது.

முட்டை காணாமல் போனால், பாம்போ மரநாயோ தின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டு புறா உடனே அடுத்த சோடி முட்டைக்குத் தயாராகும். ஒவ்வொரு ஓட்டுக்கும் வேண்டிய கல்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே உருவிக் கொடுக்கும். முட்டை கண் முன்னால் இருந்தால், அடைகிடந்து தன் பாட்டில் ஓய்ந்துவிடும். ஆகவே உங்கள் கடகத்து முட்டைகளை அங்கேயே விடுங்கள். சோடி சேராத முட்டை, குஞ்சு வராது. இதை மகனுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள், பதினெட்டாம் நாள் அழ விடாதீர்கள். அவிக்கவும் தேவையில்லை. பென்சிலால் திகதியை மட்டும் எழுதுங்கள். தனிப் பேடு சில வேளை ஒரு கிழமையில் அலுத்து எழும்பிவிடும், சில வேளை மூன்று கிழமை கிடக்கும். அதுவாக விட்டுப் போய் இரண்டு நாள் திரும்பிப் பார்க்காவிட்டால் எடுத்துவிடலாம். அதற்கிடையில் முட்டை வெடித்தால் மட்டும் உடனே எடுங்கள். கூழ்முட்டை நாற்றத்தோடு தையல் வேலை செய்ய முடியாது.

அடைகிடக்கும் காலத்தில் ஒன்றைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நாள் முழுக்க அடக்கி வைத்திருந்துவிட்டு, எழும்பும்போது ஒரே தடவையாகப் பெரிய கட்டியாக, நல்ல நாற்றத்தோடு எச்சம் போடும். வயிற்றுக் கோளாறு என்று மருந்து வாங்கி ஊற்றியவர்களை எனக்குத் தெரியும். அது இயல்பு. காய்ந்த எச்சத்தை உலர்ந்தபடி கூட்டாமல், தண்ணீர் தெளித்து ஈரமாக்கித் துடையுங்கள். அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

இப்போது பேட்டின் உடம்புக்கு வருவோம், முட்டையைவிட முக்கியம் அதுதான். கல்சியத்துக்கு யாழ்ப்பாணத்தில் அலைய வேண்டியதில்லை. மீன் சந்தையில் கணவாய் வெட்டுகிற இடத்தில் கேட்டால் கணவாய் ஓடு சும்மாவே தருவார்கள். இரண்டு நாள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பைப் போக்கி, வெயிலில் காயவைத்து, கத்தியால் சுரண்டி ஒரு சிரட்டையில் வையுங்கள். அவித்த கோழி முட்டைக் கோதை இடித்துப் போட்டாலும் சரி. ஒரு வாசகர் முன்பு வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி வைத்ததாக எழுதியிருந்தார். வேண்டவே வேண்டாம், வாயும் தொண்டையும் வெந்துவிடும். கல்சியம் உடம்பில் சேர வெயிலும் வேண்டும். யன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயில் அதற்கு உதவாது. காலையில் அரை மணித்தியாலமாவது விறாந்தையிலோ முற்றத்திலோ கூட்டோடு வையுங்கள், காகமும் பூனையும் நெருங்காமல் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

முட்டை அடைத்துக்கொண்டதன் அறிகுறி: இறகைச் சிலுப்பிக்கொண்டு தரையில் குந்தியிருக்கும், வால் மேலும் கீழும் ஆடும், முக்கும், தீன் தொடாது, கால் தள்ளாடும். அப்படிக் கண்டால் ஒரு பெட்டியில் துணி விரித்து, ஒரு பக்கம் மட்டும் சூடு படும்படி மின்குமிழைப் பிடித்து, அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். "நாளைக்குப் பார்ப்போம்" என்பது சரிவராது. வயிற்றை அமத்திப் பிதுக்க ஒருபோதும் முயலாதீர்கள். முட்டை உள்ளே உடைந்தால் பேடு தப்பாது.

அடுத்த முட்டையைத் தள்ளிப்போட வழி உண்டு. முதுகு தடவுவதை மகன் நிறுத்த வேண்டும். தலையையும் கழுத்தையும் தடவலாம், அதில் தவறில்லை. நிலைக்கண்ணாடிக்கு ஒரு சேலையைப் போடுங்கள். முட்டைகளை எடுத்த பிறகு கடகத்தை மேலே தூக்கி வையுங்கள், மெசினுக்குக் கீழ் இருட்டு மூலையை அடைத்துவிடுங்கள். இரவு பத்து மணிவரை ரியூப் லைற்றின் கீழ் இருக்கிற புறாவுக்கு அதுவும் பகல்தான். நீண்ட பகல் முட்டையைத் தூண்டும். ஆறரை, ஏழு மணிக்குக் கூட்டை மூடி இருட்டாக்குங்கள். குளிர்நாட்டுப் புறாக்களுக்கு மாரியில் முட்டை குறையும், எங்கள் ஊரில் பகல் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே நீளம், அதனால் மாதக் கணக்கு இல்லை.

மாமிக்கு ஒரு சொல். வீட்டு முகட்டில் புறா கூடு கட்டினால் நல்லது என்றுதான் எங்கள் அம்மம்மா சொல்லுவா. உங்கள் மாமியும் எங்கள் அம்மம்மாவும் கதைத்து ஒரு முடிவுக்கு வரட்டும். அதுவரை முட்டை கடகத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: சோடி என்று சொல்லி விற்றதை நம்பி இரண்டு வெள்ளைப் புறாக்கள் வாங்கினேன். ஒன்றையொன்று பிரியாமல் இருந்தன. ஈர்க்கு ஈர்க்காகக் கொண்டுவந்து கூடும் கட்டின. ஒரு நாள் பார்த்தால் கூட்டில் நாலு முட்டை! மாறி மாறி அடைகிடந்தும் 25 நாளாகிறது, ஒன்றும் பொரிக்கவில்லை. இடி முழக்கத்தில் பழுதாகிவிட்டது என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணை.
மாணவர், மானிப்பாய்

பதில்: இடியை விட்டுவிடுங்கள் தம்பி. ஒரு பேடு ஒரு தடவையில் இரண்டுதான் இடும். நாலு என்றால் இரண்டும் பேடு. ஆண் கிடைக்காதபோது இரண்டு பேடுகள் சோடி சேர்ந்து, கூடு கட்டி, குறையே இல்லாமல் குடும்பம் நடத்தும். விற்றவர் தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்று நான் சொல்ல முடியாது. குஞ்சில் பார்த்துச் சொல்வது யாருக்கும் கஷ்டம்.

இரண்டாவது முட்டை வந்து 17, 18 நாளில் பொரிக்க வேண்டும். 25 நாள் என்றால் இனி எதிர்பார்க்க ஒன்றுமில்லை. அடுத்த முறை ஐந்தாம் நாள் இரவு, முட்டையை ரோச் லைற்றின் வாயில் வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரிச் சிவப்பு நரம்பு தெரிந்தால் கரு உண்டு. வெறும் மஞ்சளாக வெளிச்சம் ஊடுருவினால் இல்லை. எடுக்கும்போது செட்டையால் கையில் அடி விழும், நல்ல உறைப்பான அடி. பின்வாங்காமல் உள்ளங்கையை நெஞ்சுக்குக் கீழ் மெதுவாக நுழையுங்கள்.

குஞ்சுதான் வேண்டும் என்றால் ஆண் புறாக்கள் இரண்டு தேட வேண்டும். ஒன்று மட்டும் கொண்டுவந்து விட்டால் மற்றப் பேடு தனித்துப்போகும், கூட்டில் சண்டை வரும். குஞ்சு முக்கியமில்லை என்றால் இந்தச் சோடியை இப்படியே விடுங்கள். கணவாய் ஓடு இவைக்கு இரட்டிப்பாக வேண்டும்.

கேள்வி: ஆணும் பெண்ணுமாக ஒரு சோடி வளர்க்கிறேன். குஞ்சு வேண்டாம். முட்டையிட்டால் அவித்துத் திருப்பி வைக்கலாம் என்று கேள்விப்பட்டேன். ஆனால் அலுமாரிக்கு மேல் முட்டை இருந்ததைப் பத்து நாள் கழித்துத்தான் கண்டேன். இப்போது அவிக்கலாமா?
வாசகர், சாவகச்சேரி

பதில்: இப்போது வேண்டாம். பத்து நாளில் உள்ளே இருப்பது முட்டை இல்லை, குஞ்சு. அவிப்பதென்றால் இட்ட அன்றோ மறுநாளோ செய்ய வேண்டும். பத்து நிமிடம் அவித்து, ஆறவிட்டு, கை பொறுக்கிற சூட்டில் திருப்பி வைத்தால் இரண்டும் சந்தேகமே இல்லாமல் அடைகிடக்கும். ரோச்சில் நரம்பு தெரிந்த முட்டையை நான் அவிப்பதில்லை. இது என் வீட்டுச் சட்டம், உங்களுக்கும் அதையே சொல்லுகிறேன்.

ஆகவே இந்த இரண்டும் பொரிக்கட்டும். அலுமாரிக்கு மேலிருந்து குஞ்சு விழாமல் சுற்றிவர ஒரு பலகையை அடியுங்கள். பகல் பத்து மணியிலிருந்து பின்னேரம் நாலு மணிவரை ஆண் கிடக்கும், மற்ற நேரமும் இரவும் பேடு. இந்த முறை மாறுகிற நேரத்தில் குழப்பாதீர்கள். பொரித்த பிறகு நீங்கள் ஊட்டத் தேவையில்லை. தாயும் தகப்பனும் இரண்டுமே தொண்டைக்குக் கீழ் உள்ள தீன்பையில் சுரக்கிற பாலைக் கக்கிக் கொடுக்கும். பசுப்பாலும் பாணும் குஞ்சின் வாயில் வைக்க வேண்டாம். பெரியவைக்குப் பயறு, கௌபி, சோளம், நெல் தாராளமாக வையுங்கள். நாலைந்து கிழமையில் குஞ்சு பறக்கும்.

ஆனால் குஞ்சுகளுக்கு மூன்று கிழமை ஆகும் முன்பே பேடு அடுத்த முட்டையை இட்டுவிடலாம். இப்போதே பக்கத்தில் இரண்டாவது பெட்டி ஒன்றை வைத்து, தினமும் பின்னேரம் எட்டிப் பாருங்கள். குசினியில் ஒரு சின்னச் சட்டியையும் ஒதுக்கி வையுங்கள்.