மெயின் ஸ்டேஜில் வருகிறவர்களில் பாதிப் பேரைத் தெரியாது. இசைத் திருவிழாவுக்கு முன் எப்படிக் கேட்டுத் தயாராவது?

மூன்று நாள் திருவிழா, மெயின் ஸ்டேஜில் மட்டும் இருபது பெயர்கள், பாதி கேள்விப்படாதவை. யாரைத் தவறவிடக் கூடாது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் வழக்கமாக நடப்பது வேறு. ஒவ்வொரு பெயரையும் செயலியில் தேடி, மேலே வருகிற ஐந்து பாட்டை ஓடவிட்டு, பிடித்தவர் பிடிக்காதவர் என்று பிரித்துவிடுவோம். அதில் தெரிவது அவர்கள் ஸ்டுடியோவில் என்ன செய்தார்கள் என்பது மட்டும்தான். மேடையில் அவர்கள் முன் இருக்கப்போவது, யாருக்காகவோ வந்து, போகிற போக்கில் நின்று பார்க்கிற கூட்டம். அந்தக் கூட்டத்தை முக்கால் மணி நேரம் நகராமல் நிற்கவைக்க முடிகிறவரா என்பதை ஐந்து பாட்டு சொல்லாது. அதனால் நான் தேடுவது ஒன்றைத்தான்: சமீபத்தில் வேறொரு திருவிழாவில் அவர்கள் வாசித்ததன் வெட்டு ஒட்டு இல்லாத முழுப் பதிவு.

அவர்களுடைய சொந்தக் கச்சேரிப் பதிவு போதாதா என்றால், பார்க்கலாம், ஆனால் அது கொஞ்சம் ஏமாற்றும். சொந்தக் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்து வருகிறவர்களுக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். பாடகர் மைக்கை நீட்டினால் பாதிப் பாட்டை அவர்களே பாடிவிடுவார்கள். அரங்கும் அன்று முழுக்க அந்தக் குழுவின் கையில். நிதானமாக சவுண்ட்செக் (நிகழ்ச்சிக்கு முன் வாசித்துப் பார்த்து ஒலியைச் சரிசெய்வது) செய்து, விளக்கு வைத்து, தங்கள் வசதிக்கு எல்லாவற்றையும் அமைத்துக்கொள்ளலாம். திருவிழாவில் அந்தச் சொகுசு கிடையாது. ஒரு குழு இறங்கி அடுத்தது ஏறுவதற்குள் அரைமணி கிடைத்தாலே பெரிது. முழு சவுண்ட்செக் வாய்த்தால் ஹெட்லைனருக்கு, அதாவது அன்று கடைசியாக வரும் முக்கியக் கலைஞருக்கு, வாய்க்கும். மற்றவர்களுக்கு லைன் செக் மட்டும். அதாவது ஒவ்வொரு மைக்கிலும் கருவியிலும் சத்தம் வருகிறதா என்று பார்ப்பதோடு சரி. சவுண்ட் இன்ஜினியர் முதல் இரண்டு பாட்டுக்குள்தான் எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டிருப்பார். போதாக்குறைக்குப் பகல் வெயிலில் விளக்கு அலங்காரம் எடுபடாது. இத்தனைக்கும் நடுவில் ஒரு குழு எப்படி நிற்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய தகவல்.

பதிவை ஆரம்பத்திலிருந்து பார்ப்பதில்லை. நடுவில் ஓரிடத்தில் தொடங்கி இருபது நிமிடம் பார்க்கிறேன். முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் யாருக்குமே நன்றாகத்தான் அமையும். தெரிந்த ஹிட்டை அங்கேதான் வைத்திருப்பார்கள். நடுவில், யாருக்கும் தெரியாத புதுப்பாட்டு ஒன்று வரும்போது கூட்டம் கைப்பேசிக்குத் திரும்புகிறதா, மேடையைப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். அப்புறம் இரண்டு பாட்டுக்கு இடையிலான இடைவெளி. கிடாரைச் சுருதி சேர்க்க ஆகும் அரை நிமிடத்தில் ஒருவர் ஏதாவது பேசிக் கூட்டத்தைப் பிடித்துவைப்பார்; இன்னொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் குடிப்பார். முதுகைக் காட்டுகிறவர்களிலும் அற்புதமான இசைக்காரர்கள் உண்டு, ஆனால் அவர்களைச் சின்ன அரங்கில் பார்ப்பது நல்லது. பாடகர் வாயை மூடியிருக்கும்போதும் குரல் கேட்டுக்கொண்டே இருந்தால் எவ்வளவு நேரலை, எவ்வளவு பதிவு என்பதும் தெரிந்துவிடும். நடன நிகழ்ச்சிக்கு அது குற்றமில்லை. ஐந்து பேர் கொண்ட ராக் குழு என்றால் எனக்கு ஆர்வம் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. தொலைக்காட்சிக்கோ நேரலைக்கோ போகும் ஒலி மைதானத்தில் கேட்கும் ஒலி அல்ல. அதற்கென்று தனியாக உட்கார்ந்து மிக்ஸ் செய்கிறார்கள். எனவே அந்தப் பதிவில் குரல் தெளிவாகவும் கூட்டத்தின் ஆரவாரம் அளவாகவும் இருக்கும். கூடவே, ரசிகர் யாராவது கைப்பேசியில் எடுத்த ஒரு வீடியோவையும் பாருங்கள். ஒலி கரகரவென்று இருக்கும், பரவாயில்லை. பின்வரிசையில் நிற்பவர்கள் ஆடுகிறார்களா, அரட்டையடிக்கிறார்களா என்பதை அதுதான் காட்டும். அமெரிக்க வானொலிகள் நடத்தும் டைனி டெஸ்க் (அலுவலக மேசைக்குப் பின்னால் நின்று பாடுவது), கேஇஎக்ஸ்பி போன்ற சிறு அறை நேரலைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். குரலும் கை வேலையும் எப்படி என்று அவற்றில் பளிச்சென்று தெரியும். ஆனால் ஒரு மேசைக்குப் பின்னால் உருக வைப்பவர் மைதானத்தில் காணாமல் போகலாம். இது வேறு திறமை.

அடுத்தது செட்லிஸ்ட், அதாவது மேடையில் பாடிய பாட்டுகளின் வரிசை. செட்லிஸ்ட் எஃப்எம் என்ற தளத்தில், யார் எந்த மேடையில் எந்த வரிசையில் என்ன பாடினார்கள் என்று ரசிகர்களே பதிந்துவைக்கிறார்கள். கடைசி நான்கைந்து நிகழ்ச்சிகளை ஒப்பிட்டால் ஒரு குழுவின் சுபாவம் பிடிபட்டுவிடும். சிலர் ஊர் ஊராக அதே பன்னிரண்டு பாட்டை அதே வரிசையில் பாடுவார்கள். சிலர் தினமும் கலைத்துப்போடுவார்கள். மாறாதவர்களுக்கு அந்த வரிசையிலேயே ஒரு பிளேலிஸ்ட் போட்டு, வேறு வேலை செய்துகொண்டே ஓரிரு முறை ஓடவிட்டால் போதும். உட்கார்ந்து படிக்க வேண்டாம். அன்று அந்தப் பாட்டு தொடங்கும்போது காது அடையாளம் கண்டுகொள்ளும், அதற்கு மேல் தயாரிப்பு தேவையில்லை. ஆச்சரியம் கெட்டுவிடுமே என்று நினைப்பவர்கள் தங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்றிரண்டு கலைஞர்களுக்கு மட்டும் இந்தத் தளத்தைத் திறக்காமல் விடலாம். நான் அப்படித்தான்.

பழைய புகழை மட்டும் கேட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1965 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசைத் திருவிழாவில் நடந்தது நல்ல உதாரணம். சாதாரணக் கிடாரோடு தனியாகப் பாடும் நாட்டுப்புறப் பாடகராகவே அங்கே பெயர் வாங்கியிருந்த பாப் டிலன் மின் கிடாரோடு ஒரு முழுக் குழுவையும் கூட்டிக்கொண்டு மேடையேறினார். கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. ஏன் கூச்சல் என்பதில் இன்றுவரை சண்டை இருக்கிறது. ஒலி மோசம், பாடிய நேரம் குறைவு என்றும் சொல்வார்கள். ஆனால் அதிர்ச்சி அடைந்தவர்களுக்குத் தடயம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. அந்த மார்ச்சில் வந்த அவருடைய ஆல்பத்தின் முதல் பக்கம் மின் இசைதான். திருவிழாவுக்கு ஐந்து நாள் முன்பு வந்த சிங்கிளும் அப்படியே. எனவே ஒருவருடைய புகழ்பெற்ற பாட்டுக்கு முன், அவர் கடைசியாக வெளியிட்டதைக் கேளுங்கள். மேடையில் பாதி அதுவாகத்தான் இருக்கும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1969 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் திருவிழா மேடையில் சந்தானா என்ற ராக் குழு ஏறியபோது அவர்களுடைய முதல் ஆல்பமே வெளியாகவில்லை. ஏற்கெனவே எங்காவது நேரில் பார்த்தவர்களைத் தவிர அங்கிருந்த யாரும் முன்கூட்டிக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அந்தத் திருவிழாவைப் பற்றிப் பேசும்போது அவர்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஆகவே எல்லாப் பெயரையும் கேட்டு முடிக்க வேண்டும் என்று இல்லை. மதியம் முதல் ஆளாக ஏறுகிற, எங்கும் நல்ல பதிவு கிடைக்காத இரண்டு மூன்று பெயர்களை அப்படியே விட்டுவிட்டு நேரில் போய் நில்லுங்கள். அவர்களுக்குக் கிடைப்பதே அரைமணி நேரம்தான், இழப்பு பெரிதில்லை.

எங்கே அதிக நேரம் செலவிடுவது? போஸ்டரின் நடு வரிகளில். பெயரின் எழுத்து அளவும் இடமும் பேரம் பேசி முடிவாகிற விஷயம், அதனால் அது தரத்தைக் காட்டுவதில்லை. சந்தையில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது. கொட்டை எழுத்தில் இருப்பவர்களைப் பற்றி உங்களுக்கே தெரியும். அடுத்த சில வருடங்களில் பெரிய எழுத்துக்கு ஏறப்போகிறவர்களும், ஒரு காலத்தில் பெரிதாக இருந்து இப்போது இறங்கியவர்களும் மதியம் மூன்றிலிருந்து ஆறு மணிக்குள் வருவார்கள். இரண்டு வகையும் பார்க்கத் தகுந்தது. இறங்கியவர்களிடம் இருபது வருட மேடை அனுபவம் இருக்கும், கைவசம் பத்து ஹிட்டும் இருக்கும். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி திருவிழாவில் ஞாயிறு மதியத்தை ஒரு மூத்த கலைஞருக்கு ஒதுக்குவது வழக்கமாகவே ஆகிவிட்டது. 2014இல் டாலி பார்ட்டன், 2015இல் லயனல் ரிச்சி, 2019இல் கைலி மினோக் எல்லோரும் அந்த நேரத்தில் வந்தவர்கள்தான். அங்கே திரளும் கூட்டத்தைப் பார்த்தால் ஹெட்லைனரே பொறாமைப்படுவார்.

ஹெட்லைனருக்கு முன்தயாரிப்பு பெரிதாக வேண்டாம். ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் கிடைக்கும், எல்லாப் பெரிய பாட்டும் வந்துவிடும். ஒன்று மட்டும்: இவர் இந்த மேடைக்குப் பொருத்தமா என்று முன்கூட்டி எழுதப்படும் தீர்ப்புகளை நம்பாதீர்கள். 2008இல் கிளாஸ்டன்பரிக்கு அமெரிக்க ராப் பாடகர் ஜே-சி ஹெட்லைனர் என்று அறிவித்ததும், ராப் அங்கே எடுபடாது என்று ஒயாசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் நோயல் காலகர் சொன்னார். ஜே-சி கிடாரை மாட்டிக்கொண்டு வந்து, ஒயாசிஸின் பாட்டையே வேண்டுமென்றே அரைகுறையாகப் பாடி நிகழ்ச்சியைத் தொடங்கினார். கூட்டம் முழுக்கச் சேர்ந்து பாடியது. எந்த முன்னோட்டத்திலும் இது வந்திருக்க முடியாது.

பட்டியலும் கடைசி நேரத்தில் மாறும். அதே திருவிழாவில் 1995இல் ஹெட்லைனராக வரவிருந்த ஸ்டோன் ரோசஸ் குழுவின் கிடார்க்காரருக்குத் தோள்பட்டைக்கு முன்னால் இருக்கும் காறையெலும்பு முறிந்துபோக, அவர்கள் இடத்துக்கு பல்ப் குழு வந்தது. இன்னும் வெளிவராத ஆல்பத்தின் பாட்டுகளை அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன் பாடி, அந்த ஒரே இரவில் வேறு உயரத்துக்குப் போய்விட்டார்கள். அதனால் மாற்று ஆள் என்று அறிவிப்பு வந்ததும் முகம் சுளித்து நகர்ந்துவிடாதீர்கள். அங்கேயே கைப்பேசியில் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நேரக் கணக்கு ஒன்றும் பயங்கரமில்லை. இருபது பெயருக்குத் தலா இருபது நிமிடம் என்றால் ஏழு மணி நேரத்துக்கும் குறைவு; இரண்டு வாரத்தில் தினமும் அரைமணி ஒதுக்கினால் முடிந்துவிடும். கேட்கும்போதே ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'முன்னால் போய் நிற்க', 'பின்னால் புல்லில் உட்கார', 'சாப்பிடப் போக' என்று மூன்றில் ஒன்றை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரம், மதிப்பெண் எல்லாம் அன்று அங்கே உதவாது. 'முன்னால்' என்று எழுதியவர்களுக்கும் மேடையை ஒட்டிய தடுப்புக் கம்பி வரை முட்டி மோத வேண்டாம். மிக்ஸிங் கன்சோல் இருக்கும் கூடாரத்துக்குச் சற்று முன்னால் நின்றால் இன்ஜினியர் காதில் விழும் ஒலியே உங்களுக்கும் விழும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நின்றால் சத்தம் வந்து சேர ஏறக்குறைய 0.3 விநாடி ஆகும். திரையில் உதடு ஒன்று, காதில் குரல் வேறு என்று தோன்றினால் குழு சொதப்புகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பட்டியலை இங்கே பின்னூட்டத்தில் போடுங்கள். நடு வரிகளில் யார் யார் என்று பார்த்து, எந்தப் பதிவைத் தேடலாம் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.